ஆடி அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை

கொரோனா ஊரடங்கு நேரம் என் அம்மா யாழ்ப்பாணத்தில் மோசம் போனார். ஆக்லாந்தில் அப்போது ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுப் படி ஏறக்கூடாது. செத்த வீட்டில் எட்டு நாள் அடுப்பு மூட்டாமல், அயலவர் கொண்டுவரும் சோற்றைச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அயலவர் வரமுடியாத ஊரில் என்ன செய்வது? கடையில் பாண் ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு இருந்தேன்.

மத்தியானம் வெளியே தபால்பெட்டியின் மேல் ஒரு சாப்பாட்டுக் கரியர் இருந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. இன்னும் சூடு. கழுவித் திரும்ப அங்கேயே வைத்தேன். மறுநாளும் நிறைந்து இருந்தது. இப்படி எட்டு நாள். யார் வைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. கரியரின் அடியில் ஆணியால் ‘ஆரணன்’ என்று கீறியிருந்தது. பாபடோயிட்டோயில் எங்கள் வீதியில் அந்தப் பெயருக்கு உரித்தானவர் ஒருவர்தான். நாலாம் வீட்டுக் குணவதி அக்கா. ஆரணன் அவருடைய கணவர். 2007இல் யாழ்ப்பாணத்தில் இராணுவம் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோனது, பிறகு காணவில்லை.

கட்டுப்பாடு எடுத்தபிறகு கரியரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“இது என்ர இல்லையே, பிள்ளை” என்றார். ஆனால் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அவர் கிளென் ஈடனில் ஒரு முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை செய்தார். போக இரண்டு ரயில், வர இரண்டு ரயில். புதிதாக ஆள் வந்தால் அவருடைய உடுப்பு ஒவ்வொன்றிலும் பெயர்த்துண்டை வைத்து அயன் பண்ணி ஒட்டவேண்டும். ஒருவர் சேட்டு இன்னொருவருக்கு மாறிப்போகக் கூடாது. பதினொரு வருடத்தில் தன் கையால் ஒன்றும் மாறிப்போகவில்லை என்று சொல்வார். தன்னைப்பற்றி அவர் பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஒருநாள் ஆறு சேட்டும் பெயர்த்துண்டும் வந்தன. இடுப்பு ஒப்பரேசன் முடிந்து ஆறு வாரம் தங்க வந்த ஒருவருடையவை. அந்தப் பெயரை அக்கா முன்பு வாசித்திருக்கிறார். ஆரணன் எந்த முகாமில் என்று அறியவே ஒரு மாதம் போய், பிறகு அதன் வாசலில் நாற்பது நாள் நின்றபோது, பொறுப்பதிகாரியின் நெஞ்சில் குத்தியிருந்த பெயர். “அப்படி ஒருத்தரும் இங்க இல்லை” என்று நாற்பது நாளும் சொன்னவர் அவர்தான்.

ஆறு சேட்டுக்கும் துண்டை ஒட்டினார். மடித்தார். தானே அறைக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தார். கட்டிலில் இருந்தது அதே மனுசன்தான். “தாங்க் யூ” என்றாராம்.

“நீங்கள் என்ன சொன்னீங்கள், அக்கா?”

“யூ ஆர் வெல்கம் எண்டனான். வேற என்ன சொல்லுறது, பிள்ளை. வாயில அதுதான் வந்தது.”

அவர் அழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழவில்லை. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

மகள் நிருஜாதான் வழக்கறிஞரைத் தேடிப் பிடித்தாள். ஹெலன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மா. குற்ற வழக்கென்றால் பொலிஸ் போடவேண்டும், அவர்கள் போடமாட்டார்கள் என்றார் ஹெலன். ஆனால் பாதிக்கப்பட்டவர் தானே நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். ஆளைப் பிடித்துச் சித்திரவதை செய்வதும் இல்லாமல் ஆக்குவதும் எந்த நாட்டுச் சட்டத்துக்கும் பகை. அந்த மனுசன் இப்போது மகளோடு இந்த நாட்டில் குடியிருப்பதால் இங்கே முயன்று பார்க்கலாம். முன்பு இப்படிப் போட்டவர்கள் தோற்றும் இருக்கிறார்கள்.

“நட்டஈடு எனக்கு வேண்டாம். ஆரணன் எங்க எண்டு அவரைக் கூண்டில ஏத்திக் கேக்கவேணும். அவ்வளவுதான்.”

“கேட்கிறதுக்கு வழி அதுதான், அம்மா. சட்டம் அப்படித்தான்” என்றாள் நிருஜா.

அந்த வாரமே அக்கா வேலையை விட்டார். இங்கே எங்கள் ஆட்களிடையே கதை பரவியது. கோயில் மடப்பள்ளியில் கடலை உடைக்கும்போது திருச்சிக்காரப் பத்மாவதி கேட்டாள்:

“என்ன அக்கா, கேஸ் ஜெயிச்சா வீடே வாங்கிடலாமாமே?”

“ஓம், பத்மாவதி. வாங்கினால் உமக்கு ஒரு அறை வாடகைக்குத் தாறன். சமையல் மட்டும் நீர் செய்யக்கூடாது.”

எல்லோரும் சிரித்தோம். அக்கா கடலையை உடைத்துக்கொண்டே இருந்தார்.

நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக் கடதாசிக்கு, ஆரணனைப் பிடித்த தேதி வேண்டும் என்றார் ஹெலன். அக்காவுக்குத் தெரிந்தது ஆடி அமாவாசை. ஆரணன் தன் தகப்பனுக்காக விரதம் இருந்தார். படையல் வைத்து, காகத்துக்குச் சோறு வைக்க வெளியே போனவரை வேலியடியில் வைத்துப் பிடித்தார்கள். தேதி நினைவில்லை. கிழமையும் இல்லை. அந்த நாட்களில் யுத்தகால ஊரடங்கிலே எல்லாக் கிழமையும் ஒன்றுதான்.

“பிள்ளை, உம்மட போனில பஞ்சாங்கம் இருக்கெல்லோ. பாரும்” என்றார்.

நான் பார்த்தேன். 2007, ஆடி அமாவாசை: ஆகஸ்ட் 13, திங்கட்கிழமை. அக்கா திருநீறு பூசிக்கொண்டு போய் அதையே சத்தியமாகச் சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

நாலு மாதத்தில் மற்றப் பக்கத்து வழக்கறிஞர் ஒரு பழைய பாஸ்போர்ட்டின் பிரதியை அனுப்பினார். ஆகஸ்ட் 13 காலையில் அந்த மனுசன் இரண்டு வாரப் பயிற்சிக்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறியிருக்கிறார். முத்திரை இருக்கிறது. ஆரணனைப் பிடித்த அன்று, தான் நாட்டிலேயே இல்லை என்கிறார்.

என் போனில் கோயில் விசேஷங்கள் பார்ப்பதற்காக இடம் ஆக்லாந்து என்று போட்டிருந்தேன். அங்கே ஞாயிறு பகல் நிற்கிற அமாவாசை, நேர வித்தியாசத்தால் இங்கே திங்கள் ஆகிவிடும். யாழ்ப்பாணம் என்று மாற்றிப் பார்த்தேன். ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை. பிள்ளையாருக்கு முன்னால் நின்று அழுதேன். பிறகு அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

போனை வாங்கிப் பார்த்தார். “போன் என்ன செய்யும், பிள்ளை. அது நிக்கிற இடத்தைத்தானே சொல்லும்” என்று சொல்லித் தேத்தண்ணி வைக்க எழும்பினார். சீனி போட மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

ஹெலன் திருத்தின கடதாசி கொடுத்தார். பாஸ்போர்ட்டைக் கண்டபிறகு தேதியை மாற்றுகிறாள் என்று மற்றப் பக்கம் எழுதியது. பன்னிரண்டாம் தேதி அந்த மனுசன் முகாமில் இருந்தார் என்பதை அவர்களும் மறுக்கவில்லை. இப்போது அக்காவுக்கு இரண்டு வேண்டியிருந்தது. அந்த மனுசனைக் கேட்கவேண்டும். தான் சொன்ன நாளை நீதிமன்றம் நம்பவேண்டும்.

விசாரணைக்கு நானும் போனேன். அந்த மனுசன் வரவில்லை. வரத் தேவையில்லையாம். முதலில் இந்த நீதிமன்றத்துக்குக் கேட்க அதிகாரம் உண்டா என்றுதான் பேசினார்கள். நாள் முழுக்க ஆரணன் என்ற பெயர் மூன்று தடவை வந்தது. அக்கா விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு ஈமெயிலில் வந்தது. குசினி மேசையில் வைத்து நிருஜா வாசித்துத் தமிழில் சொன்னாள். இன்னொரு அரசின் உத்தியோகத்தராக இருந்து ஒருவர் செய்த காரியத்தைக் கேட்பது, அந்த அரசையே கூப்பிட்டுக் கேட்பது மாதிரி. இந்த நாட்டு நீதிமன்றம் அப்படிக் கேட்க முடியாது. சொன்னதெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டாலும் முடியாது. வழக்குத் தள்ளுபடி.

“அப்ப ஆர் கேக்கிறது?”

“அந்த நாட்டில கேட்கட்டாம், அம்மா.”

“அங்க கேட்டுப்போட்டுத்தானே இங்க வந்தனான்.”

நிருஜா மடிக்கணினியை மூடப் போனாள்.

“நாள்? நாளைப் பற்றி என்ன எழுதியிருக்கு?”

நிருஜா கீழே கீழே தள்ளிப் பார்த்தாள். “தேதி பற்றின பிரச்சினையைத் தீர்மானிக்கத் தேவையில்லை. அவ்வளவுதான் இருக்கு.”

“வாசி.”

“வாசிச்சிட்டன், அம்மா.”

“இன்னொருக்கா வாசி.”

வாசித்தாள். ஒரு வரிதான். பொய் என்றும் இல்லை, உண்மை என்றும் இல்லை. அக்கா மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். மேல்முறையீடு செய்யலாம் என்று ஹெலன் சொன்னதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றார். நாட்கள் போய்க் கெடுவும் முடிந்தது. கோயிலுக்கு வந்தார், கும்பிட்டார், கடலை உடைத்தார். பத்மாவதி ஒருநாள் பக்கத்தில் வந்து பாதிக் கடலையை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டு உடைத்தாள்.

போன மாசியில் நிருஜாவுக்கு மெல்பேர்னில் வேலை கிடைத்தது. தாயையும் கூட்டிக்கொண்டு போனாள். வழியனுப்ப நான் விமான நிலையம் போனேன். அந்தக் கரியரைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருந்தார். கோயில் மலரில் ஆட்களைப்பற்றி எழுதச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள், உங்களைப்பற்றி எழுதட்டோ என்று கேட்டேன். என்னைப்பற்றி என்ன கிடக்கு என்றார். வரிசை நகர்ந்தது. நிருஜா “அம்மா, வாங்கோ” என்று கூப்பிட்டாள். நாலடி போனவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

“எழுதுறதெண்டால் ஒண்டு, பிள்ளை. அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவர் இன்னும் சாப்பிடேல்ல. அதை மட்டும் பிழைவிடாமல் எழுதும்.”