கடையில் அழிந்த இழை

மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தபோது மேனேஜர் போட்ட முதல் கண்டிஷன், தரையில் மாக்கோலம் கூடாது. டைல்ஸில் கறை பிடிக்குமாம். கோலம் இல்லாமல் ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரன் வீட்டுக் கல்யாணமா? மகள்தான் யோசனை சொன்னாள். காகிதத்தில் கோலம் போட்டுக் கொடுத்தால், கழக்கூட்டத்தில் அவள் ஆபீஸ் பக்கத்து லேசர் கடையில் பலகையில் வெட்டிக் கொடுப்பார்கள்.

கோலம் என்றால் எங்கள் குடும்பத்தில் அக்காதான். அத்திம்பேர் போன பிறகு அவள் நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்பதில்லை. வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. இந்த முறை விடாமல் நச்சரித்தேன்.

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லேடா" என்றாள். கடைசியில் போட்டுக் கொடுத்தாள். இரட்டை இழைக் கோலம். ஒவ்வொரு கோட்டோடும் ஒட்டினாற்போல இன்னொரு கோடு. ஒற்றை இழை எங்களுக்கு நல்ல காரியத்துக்கு ஆகாது. அது சாவு வீட்டோடு சேர்ந்தது.

கடையிலிருந்த மலையாளிப் பெண் அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் கோடுகளாக மாற்றினாள். மறுநாள் போன் செய்தாள். "அங்கிள், நெறைய டபுள் லைன் இருந்துது. ஒரே எடத்துல லேசர் ரெண்டு தடவ ஓடினா பலக கரிஞ்சு போகும். எல்லாம் கிளீன் பண்ணியாச்சு, கேட்டோ."

ஒரே கோடு இரண்டாக விழுவது அவர்களுக்குத் தினப்படித் தொல்லை. ஒட்டி நிற்கும் இரண்டில் ஒன்றை அழித்தால்தான் வேலை சுத்தம். அவள்மீது எனக்கு இன்றைக்கும் கோபமில்லை. எதை அழித்தாள் என்று உறைக்காமல், ரொம்ப தேங்க்ஸ் மா என்றுதான் நானும் சொன்னேன்.

பலகை கல்யாணத்தன்று காலையில் நேராக மண்டபத்துக்கே வந்தது. பிரித்தேன். வளைவெல்லாம் அக்காவுடையது, இழை மட்டும் ஒற்றை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சிரித்துத் தள்ளியிருப்பேன், பின்னாலிருந்து சித்தியின் குரல் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

"யார் கை பட்டதுன்னு பாருங்கோ. வேற எப்படி இருக்கும்?"

அக்காவுக்கும் கேட்டது. கடையில் நடந்த தப்பு என்று நான் கத்தினேன். கத்தியதில், அதுவரை கவனிக்காதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் வாயை அடக்கியிருக்கலாம். அக்கா சமையல்கட்டுக்குப் போய்க் கொஞ்சம் அரிசிமாவு கரைத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

"பக்கத்துலயே இன்னொரு இழை இழுத்துடு. நீயே போடு. என் கை வேண்டாம்."

போட்டேன். கோணல்மாணலாக வந்தது. அவள் தூண் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் சௌக்கியமாக இருக்கிறாள். மாப்பிள்ளை தங்கம். கோலத்தால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று சித்தியே சொல்கிறாள்.

இப்போது வளைகாப்பு வருகிறது. கோலம் போட அழைப்பதற்காக, போன வாரம் கரமனைக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தாள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அந்தக் கடையிலேயே சொல்லிடுடா" என்றாள். "அவா போட்டா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா."