இருபத்து மூன்று கதவுகள்

என் வீட்டுக்காரரை எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வர வேண்டும். பின்பக்கம் மெஷினில் அவர், முன்பக்கம் மேஜையில் நான். போன், பில், லேப்டாப் எல்லாம் என் இலாகா. அவர் லேப்டாப்பைத் தொடுவதென்றால் முதலில் கையைத் துடைத்துக்கொள்வார், அவ்வளவு மரியாதை.

தொழிலில் அவரைப் போல் சந்தேகப் பிராணியைப் பார்க்க முடியாது. வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டேன், வந்து திறந்துவிடுங்கள் என்று யார் கூப்பிட்டாலும் போவார். ஆனால் அது அவர்கள் வீடுதான் என்று நிரூபிக்காமல் கம்பியை எடுக்க மாட்டார். ஒரு தடவை குளித்துவிட்டு பால்கனிக்கு வந்த மனுஷர், கதவு அறைந்து சாத்திக்கொண்டதில் இடுப்புத் துண்டோடு நின்றிருந்தார். பக்கத்து பால்கனி வழியாக இறங்கி வந்தவரிடம் இவர் அடையாள அட்டை கேட்டிருக்கிறார். "துண்டுல எங்க சார் பாக்கெட் இருக்கு?" என்று அவர் கத்தியும் இவர் அசையவில்லை. கீழ்வீட்டு அம்மா வந்து சாட்சி சொன்ன பிறகுதான் திறந்தார். "கேட்டா கோபப்படாதவன்தான் நிஜ வீட்டுக்காரன்" என்பது அவருடைய கட்சி. எங்கள் தலையெழுத்து அந்தக் கட்சியால்தான் ஆட்டம் கண்டது.

சாவியைப் படம் பிடித்து இமெயிலில் அனுப்பினால் டூப்ளிகேட் வெட்டித் தபாலில் அனுப்பலாம் என்ற யோசனை என்னுடையது. நன்றாகப் பிடித்த படம் இருந்தால் பல்லின் உயரமெல்லாம் அதிலிருந்தே அளந்துவிடுவார். இரண்டு பக்கமும் படம், கீழே முகவரி, போன் நம்பர், அவ்வளவுதான். "படம் போதும், சாவி வரும்" என்று பலகைகூட எழுதி வைத்தேன். ஒரு வருடத்தில் இருபத்து மூன்று பேர் அனுப்பியிருந்தார்கள். வேலை முடிந்த மெயில்களை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கு வழக்குக்கு இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். கடையில் இவர் தனியாக இருந்தபோது ஒரு மெயில் வந்திருக்கிறது. உங்கள் அஞ்சல் பெட்டியை வேறு யாரோ திறக்கப் பார்க்கிறார்கள், நீங்கள்தான் சொந்தக்காரர் என்று இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நிரூபியுங்கள் என்று கீழே ஒரு லிங்க். வேறு எது கேட்டிருந்தாலும் இவர் என்னைக் கேட்காமல் தொட்டிருக்க மாட்டார். நிரூபி என்று கேட்டதும் மனுஷருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பாஸ்வேர்ட், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் மறக்காமல் போட்டிருக்கிறார்.

"ரொம்ப ஒழுங்கான ஆளுங்க. நான் யாருன்னு கேட்டுட்டுத்தான் விட்டாங்க" என்று சாயங்காலம் பெருமையாகச் சொன்னார். பாதி வாய் மரத்துப்போய்ப் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த நான் காதில் சரியாக வாங்காமல் "ம்" என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் ரிட்டயர்டு நர்ஸம்மா போன் செய்தார். எங்கள் பழைய வாடிக்கை.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?"

"இங்கதான் மெஷின்ல இருக்கார். ஏன்க்கா?"

"ஆஸ்பத்திரியில இருக்கேன், பேச முடியலை, உடனே பரிசு அட்டை, அதான் கிஃப்ட் கார்டு, வாங்கி நம்பரை மட்டும் அனுப்புங்கன்னு அவர் பேர்ல மெயில் வந்திருக்கே. பர்ஸை எடுத்துட்டு வாசல் வரைக்கும் போயிட்டேன். அப்புறம்தான் தோணுச்சு, முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேன், பரிசு அட்டை கேட்ட ஒரு நோயாளியையும் பார்த்ததில்லையேன்னு."

மெயிலுக்குள் போகப் பார்த்தால் பாஸ்வேர்ட் தவறு என்றது. போன் நம்பரை வைத்து மீட்டு எடுக்க மதியம் வரை ஆனது. பாஸ்வேர்டை மாற்றினேன், வங்கிக்குப் போன் செய்தேன், எல்லோருக்கும் "அந்த மெயிலை நம்பாதீர்கள்" என்று எழுதினேன். நடுநடுவே இவரை வறுத்தெடுத்தேன்.

"பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"யார்கிட்டயும் சொல்லலையே. நானேதான் உள்ள போட்டேன்."

"அனுப்பினவன் யாருன்னு மேல பார்த்தீங்களா? அந்தக் கம்பெனிக்கும் அந்த முகவரிக்கும் சம்பந்தமே இல்லை."

"அவன் யாருன்னு நான் கேட்கலை" என்றார் மெதுவாக. "எல்லாரையும் கேட்கிற நான், அவனைக் கேட்கலை."

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் சாப்பாடு போடும்போதுகூடக் குத்திக் காட்டினேன். திருட்டு முடிந்துவிட்டது, இனி திட்டுவது மட்டும்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏதோ தேடிக்கொண்டு மெயிலின் செட்டிங்ஸுக்குள் போனேன். அங்கே நான் பார்த்தே இராத ஒரு முகவரி இருந்தது. எங்களுக்கு வருகிற ஒவ்வொரு மெயிலின் நகலும் அந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று அந்தத் திருடன் திங்கட்கிழமையே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறான். பாஸ்வேர்டை மாற்றியதில் அது அழியவில்லை. செவ்வாயிலிருந்து நான் நிம்மதியாக மூடி வைத்திருந்த பெட்டிக்கு அடியில் ஓட்டை. அதை அழித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். மெஷின் நின்றது.

"எல்லா மெயிலும்னா, படம் வர்ற மெயிலுமா?"

"ஆமா. நேத்து இருபத்து மூணாவதா ஒண்ணு வந்துச்சே, அதுவும் போயிருக்கும். பழசையும் உள்ள வந்தப்பவே பார்த்திருக்கலாம்."

"அதுல சாவி இருக்கேம்மா" என்றார். "சாவியும் இருக்கு, எந்த வீடுன்னும் இருக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், நான்கு நாளாக நான் வங்கியைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தேன். இருபத்து மூன்று வீட்டுச் சாவியை ஒரு திருடனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. உறைத்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் என் புத்தி எங்கே போனது பாருங்கள். "அவன் எந்த ஊர்லயோ உட்கார்ந்து பரிசு அட்டை கேட்கிறவன். இந்தப் படத்தையெல்லாம் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். நாம வெளியில சொன்னா நாளையிலேர்ந்து ஒரு ஆள் கடைக்கு வர மாட்டாங்க. சாவிக்காரரே சாவியைத் தொலைச்சார்னு ஊரே சிரிக்கும்" என்றேன். சொல்லும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

அவர் படங்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். பன்னிரண்டாவது மெயிலில் நிறுத்தினார். ஒரு பெண் எழுதியது. "இரண்டு சாவி வேண்டும், எனக்கும் என் மகளுக்கும். பில்லில் பெயர் போடாதீர்கள். யாராவது வந்து கேட்டால் இந்த முகவரியைச் சொல்ல வேண்டாம், தயவுசெய்து." போன் நம்பர் கொடுக்காத ஒரே ஆள் அவள்தான். வேலை வந்த அன்று அதைப் படித்துவிட்டு "யாருக்கோ பயப்படுறாங்க போல" என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"மெயில் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"நம்ம பேர்ல பொய் மெயில் போயிருக்கு. இனிமே நம்ம மெயிலை எதுக்கு நம்பணும்? நான் நேர்ல போறேன். நீ மத்தவங்களுக்குப் போன் போடு. ஒண்ணையும் மறைக்காதே. பூட்டு மாத்துறது நம்ம செலவு." பூட்டின் உள்பாகமான சிலிண்டரில் இரண்டு புதிதைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருபத்திரண்டு பேருக்கு நான் அன்று போன் செய்தேன். முதல் ஆளிடம் பேச வாய் வரவில்லை, வைத்துவிட்டு மறுபடியும் அடித்தேன். நர்ஸம்மா "சரி, வந்து மாத்திக் கொடுங்க" என்று முடித்துக்கொண்டார். ஒருவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, அதைவிட நிதானமாகப் போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நாங்களும் கொடுக்கிறோம் என்றேன். ஒரு அம்மா வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். மூன்று நாளாக நான் இவரைத் திட்டிய அதே வார்த்தைகள், அதே குரல். காதில் போனை வைத்துக்கொண்டு "ஆமாம்மா, தப்புதாம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டியலில் பாதிகூட முடியவில்லை, கடையின் லேண்ட்லைன் அடித்தது.

"சாவிக் கடைதானே?" தணிந்த பெண் குரல். "சாவியோட வந்த பில்லுல இந்த நம்பர் இருக்கு. என் கதவுக்கு வெளியில ஒருத்தர் நிக்கிறார். உங்க கடைங்கிறார். உண்மையா?"

"ஆமா. என் வீட்டுக்காரர்தான். நீலச் சட்டை, கையில தகரப் பெட்டி."

"எதுக்கு வந்திருக்கார்? நான் யாரையும் கூப்பிடலையே."

வழக்கமான சோதனை, இலவசமாகப் பார்த்துக் கொடுக்கிறோம் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. சொல்லிவிட்டேன். மெயில் திருடு போனதை, படத்தை, முகவரியை, செவ்வாயே மூடியிருக்க வேண்டிய ஓட்டையை வெள்ளி வரை நான் பார்க்காமல் விட்டதை.

பிறகு, "யாருக்கும் தெரியக் கூடாதுன்னு எழுதியிருந்தேனே" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பூட்டை இப்பவே மாத்திடுவார்ம்மா. இருபது நிமிஷ வேலை. கதவை மட்டும் திறங்க."

"வேண்டாம். வேற ஆளை நானே பார்த்துக் கூப்பிட்டுக்கிறேன். அவரைப் போகச் சொல்லுங்க."

இவருடைய போனுக்கு அடித்துச் சொன்னேன். "சரி, அவங்க இஷ்டம்" என்றார். "ஆனா புதுப் பூட்டு விழுற வரைக்கும் பழைய சாவிக்குத் திறக்கிற கதவு அது. நான் கீழ்ப்படியில உட்கார்ந்திருக்கேன். எவனாவது வந்தா என்னைத் தாண்டித்தானே போகணும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மற்றவர்களுக்குப் போன் செய்வதைத் தொடர்ந்தேன். முக்கால் மணி நேரம் போயிருக்கும், மறுபடியும் லேண்ட்லைன்.

"அக்கா, அவர் இன்னும் போகலை. படியில உட்கார்ந்திருக்கார்."

"உங்களுக்குக் காவலாத்தாம்மா உட்கார்ந்திருக்கார். பூட்டு மாத்துற வரைக்கும்…"

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்றாள். "இதுக்கு முன்னாடி இருந்த வீட்லயும் ஒருத்தர் இப்படித்தான் படியில உட்காருவார். ஸ்கூல் விட்டு என் பொண்ணு அந்தப் படி வழியாத்தான் வரணும். அவரை எழுந்து போகச் சொல்லுங்க அக்கா."

இருபத்தாறு வருட வாழ்க்கையில் இவரிடம் எதைச் சொல்லவும் நான் யோசித்ததில்லை. அன்று போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நின்றேன்.

"என்ன?" என்றார் எடுத்தவுடன்.

"வந்துடுங்க."

"பூட்டு மாத்துறவன் இன்னும் வரலை. அவன் வந்ததும் கிளம்பிடறேன்…"

"நீங்க அங்க இருக்கிறதுதாங்க அவங்களுக்குப் பயம்."

தகரப் பெட்டியைத் தூக்கும் சத்தம் கேட்டது, பிறகு படியில் செருப்புச் சத்தம்.

கடைக்கு வர அவருக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது. தெரு முனையில், அந்த வீட்டு ஜன்னலுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறார். சின்னப் பெண் ஒருத்தி புத்தகப் பையோடு உள்ளே போவதையும், வேறு ஒரு பூட்டுக்காரன் வந்து வேலையை முடித்துக்கொண்டு வெளியே வருவதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். "நல்ல பூட்டாத்தான் போட்டிருக்கான், நிறுத்திக் கேட்டேன்" என்றார்.

மேஜையில் இருந்த பட்டியலை எடுத்துப் பார்த்தார். இவர் வந்து மாற்றினால் போதும் என்றவர்கள் ஒன்பது பேர். மற்ற பெயர்களுக்கு நேரே வேறு ஆள் என்று எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொரு பெயராக விரலை வைத்துப் படித்தார். பிறகு பட்டியலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"நான் காவலுக்குத்தான் உட்கார்ந்தேன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலைங்க" என்றேன்.