நகத்தால் சுரண்டிப் பார்ப்பவர்

கல்வராயன் மலை ஜனங்கள் ஓட்டுப் போட்டு எங்கள் ஒன்றியத்துக்கு அனுப்பிய உறுப்பினர் அவர். ஒல்லியான ஆள், பழுப்பேறிய சட்டை. எந்தச் சுவரருகே நின்றாலும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். எங்கள் அலுவலகச் சுவரில் ஒன்றும் உதிராது. "நல்ல கட்டடம்ங்க" என்பார்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் கள்ளக்குறிச்சி ரோடெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம். ரோடு திறந்து, பஸ் ஓடத் தொடங்கியதும் வந்தார். என் மேசையில் ஒரு துணிமூட்டையை அவிழ்த்தார். உள்ளே மணல். அவர் ஊரில் அரசாங்கம் கட்டிய தொகுப்பு வீட்டின் சுவராம்.

"இதுவா வூடு, சொல்லுங்க சார்? ஒரு மழைக்குத் தாங்காதுங்க."

அந்த வேலைக்கு நான்தான் ஓவர்சியர். அதற்கான கோப்பை எடுத்து நீட்டினேன். "நேர்ல பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நல்லாதான் இருந்துச்சு."

எழுத்துக்கூட்டிப் படித்தவரின் விரல் என் கையெழுத்துக்குக் கீழிருந்த தேதியில் நின்றது.

"அன்னிக்கு ரோடு பூரா மரமா கெடந்துச்சே. ஜீப்புகூட வரலியே. இன்னா சார், நடந்தேவா மேல வந்தீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மணலை மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு போனார். அந்தக் கும்பிடு என்னை நம்பிப் போட்டதா, என் முகத்தில் காறித் துப்பியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.