பயப்பட ஆளில்லாத பேய்

கண்ணாடிக் கடையில் எல்லோரும் அவளைக் கும்மிருட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், அவளும் "என்ன?" என்று திரும்புவாள். கவிதை எழுதுகிறவள், அதிலும் இருட்டு, சாவு, ஆளில்லாத வீடு தவிர வேறெதையும் தொடாதவள் என்றால் கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

வேலையில் குறை சொல்ல முடியாது. கண்ணாடியை மேஜையில் படுக்க வைத்து, அளவுகோலை அழுத்திப் பிடித்து, வைர முனையால் ஒரே இழுப்பு. விளிம்பில் லேசாக ஒரு தட்டு. துண்டு கையோடு வந்துவிடும். பகலெல்லாம் பார்க்கிற இடமெல்லாம் தன் முகம். சாயங்காலம் மாடி அறைக்குப் போனால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. கல்யாணம் ஒன்று நடந்தது. ஒரு வருஷத்துக்குமேல் ஒட்டவில்லை. தனிமை கசக்கத்தான் செய்தது. இனிக்கிறது என்று அவள் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

ஒரு வாரப் பத்திரிகை அவள் கவிதையைப் போட்டது.

கதவைத் தட்டாமல் வருகிறவன் நீ ஒருவன்தான், இருளே.
ஏற்றினால் போய்விடுவாய் என்று
எண்ணெய் இருந்தும் திரியை நனைக்கவில்லை நான்.

அதைப் படித்துவிட்டு வெளியூரிலிருந்து அக்கா ஓடி வந்தாள். காலையில் இவள் வேலைக்குக் கிளம்புகிற நேரம், பையும் கையுமாக வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"என்னடி எழுதி வெச்சிருக்க? நீ ஏதாவது பண்ணிக்கப் போறியா?"

"இல்லக்கா, சத்தியமா இல்ல. அப்படித் தோணினா முதல்ல உனக்குத்தான் போன் பண்ணுவேன். தனியா இருக்கேன். இருக்கறத எழுதறேன். அவ்வளவுதான்."

அக்கா நம்பவில்லை. காய் நறுக்கும் கத்தியைக்கூட எடுத்து ஒளித்து வைத்தாள். ஜன்னல் திரைகளை எல்லாம் விலக்கினாள். "திங்கட்கிழமை என்கூடக் கிளம்பற. எங்க வீட்ல ஆளுக்கா பஞ்சம்? மாமியார், அவரு, ரெண்டு பசங்கன்னு கலகலன்னு இருக்கும். இந்த எழுத்தெல்லாம் தானா நின்னுடும்" என்றாள்.

"அதனாலதான் வரமாட்டேங்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கவிதைக் கூட்டம். தங்கையைத் தனியாக விட மனசில்லாமல் அக்காவும் பின்னாலேயே வந்தாள். கூட்டத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற பேராசிரியர், நல்ல மனுஷர். அவள் வாசிக்கவிருந்த பேய்க் கவிதையை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நல்லா வந்திருக்கும்மா. ஆனா ஜனங்க கனத்த மனசோட வீட்டுக்குப் போகக் கூடாதில்லையா? கடைசியில ஒரே ஒரு வரி, கதவு திறக்குது, வெளிச்சம் வருதுன்னு..."

"வரலையே சார். வராத வெளிச்சத்தை எங்கேருந்து கொண்டு வருவேன்?"

"கற்பனைதானேம்மா!"

"பேய் கற்பனை சார். அதோட துக்கம் கற்பனை இல்ல."

அவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் மேடையேறி, ஒரு எழுத்தையும் மாற்றாமல் வாசித்தாள்.

நாலு தட்டு வைத்து நாலுக்கும் பரிமாறி
நின்றுகொண்டே தின்கிறது இந்த வீட்டுப் பேய்.
குறுக்கே போகிறது, யாரும் அலறுவதில்லை.
பயப்படவாவது ஒருவர் இருந்தால்
பேய்க்கும் இது வீடாகியிருக்கும்.

கைதட்டல் வரவில்லை. யாரோ இருமினார்கள். தலைவர் எழுந்து, "நம்பிக்கையே வாழ்க்கை" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அதற்குள் அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு விடுவிடென்று வெளியே போய்விட்டாள்.

இவள் தெருவில் ஓடிப்போய்ப் பிடித்தாள். அக்காவுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது.

"என் வீட்டு விஷயத்தை எதுக்குடி ஊருக்கு முன்னால வாசிச்ச? யார் சொன்னா உனக்கு?"

"எந்த விஷயம்?"

"நாலு தட்டு! நின்னுக்கிட்டே திங்கறது! நான் உன்கிட்டச் சொன்னேனா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, அது நான். என் மாமியார் வீட்ல இருந்த அந்த ஒரு வருஷம். உன்னை நான் நினைக்கவே இல்லையே."

அக்கா அப்படியே பூட்டியிருந்த கடையின் படியில் உட்கார்ந்துவிட்டாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்:

"இப்போ தனியா இருக்கியே, அது மட்டும் கஷ்டமா இல்லையா?"

"கஷ்டம்தான். சில நாள் சுவத்தோட பேசறேன். ஆனா இங்க தனியா இருக்கேன்னு எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அங்க எல்லாரும் சேர்ந்து நான் தனியா இல்லைன்னு சாதிச்சாங்க. அதைத்தான் தாங்க முடியல."

மறுநாள் அக்கா தனியாகத்தான் ஊருக்குப் போனாள். பஸ் ஜன்னலிலிருந்து, "கத்தி அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு, எடுத்துக்கோ" என்றாள். வா என்று கூப்பிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் சாயங்காலமானால் போன் வந்தது. புதிதாக என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்பாள், படிக்கச் சொல்வாள், மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

அடுத்த கூட்டத்துக்குத் தலைவர் 'விடியல்' என்று தலைப்புக் கொடுத்தார். யாரை மனசில் வைத்துக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். இவள் விடியாத ஒரு வீட்டைப் பற்றி எழுதி எடுத்துக்கொண்டு போனாள். முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"நீ எப்ப வந்த? வீட்ல சமையல்?"

"செஞ்சுக்குவாங்க. கை இருக்கில்ல?"

தலைவர் மைக்கைப் பிடித்து, "இந்தத் தடவையாவது கொஞ்சம் வெளிச்சமா ஆரம்பிப்போமே" என்று சிரித்தார்.

அக்கா எழுந்து நின்றாள். கூட்டத்தில் வாய் திறந்து பேசியதே இல்லாதவள்.

"இல்ல சார். அவ எழுதினபடியே வாசிக்கட்டும். அதைக் கேக்கத்தான் நான் பஸ் ஏறி வந்திருக்கேன்."