எனக்குத் தெரியாத கேஸ் வாடை

இன்று உங்கள் முன்னால் நின்று பேச உயிர் வைத்திருக்கிற ஆண்டவருக்கு முதலில் நன்றி. எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுச் சொன்னால் அது சாட்சி ஆகாது.

என் பெயர் கிரேஸ். பிறந்தது மண்ணூர். இப்போது ஒரகடம் பக்கத்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மொத்தம் ஐந்து போர்ஷன். என் கணவர் சாமுவேல் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். லோடு ஏற்றிக்கொண்டு போனால் வீடு திரும்ப மூன்று நாள், நான்கு நாள் ஆகும். மகள் ஜெனிபர் எட்டாம் வகுப்பு. நான் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறேன்.

இரண்டரை வருஷம் முன்னால் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாசனை என்று ஒன்றுமே தெரியவில்லை. காபி குடித்தால் இனிப்பான வெந்நீர் குடிக்கிற மாதிரி இருக்கும். மல்லிகைப் பூவை மூக்கிலேயே வைத்துப் பார்த்தேன். ஈரம் மட்டும்தான் தெரிந்தது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். “தானா வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்க” என்றார்.

சமையல்காரிக்கு மூக்கு இல்லை என்றால் என்ன மரியாதை? கேன்டீனில் யாரிடமும் சொல்லவில்லை. தாளிப்பு கருகுகிறதா என்று கண்ணால் பார்த்தே சமாளித்தேன். உப்பு, காரம் நாக்குக்குத் தெரியும், அது போதும் என்று ஓட்டினேன். வீட்டில் மட்டும் தெரியும். ஜெனிபர்தான் உள்ளே இருந்து கத்துவாள், “அம்மா, பால் தீயுதும்மா, வந்து பாரு.” அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொரு வாரமும் இதையே கேட்டேன். ஆண்டவரே, என் மூக்கைத் திருப்பிக் கொடும். வேறு எதுவும் கேட்கவில்லை. உங்களில் சிலர் என் தலையில் கை வைத்து ஜெபித்தீர்கள். ஒரு வருஷம் ஆனது. ஒன்றரை வருஷம் ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. உள்ளுக்குள் கசந்துபோனது. பாட்டுப் பாடும்போது வாயை மட்டும் அசைப்பேன்.

இப்போது என் தப்புகளைச் சொல்கிறேன். முதல் தப்பு, கேஸ் ட்யூப். சிலிண்டர் போட வருகிற தம்பி இரண்டு முறை சொன்னார், “யக்கா, ட்யூப் வெடிச்சிக்கினு கீது. சீக்கிரம் மாத்திடுங்க.” சரி சரி என்று தலையாட்டினேன். மாற்றவில்லை. அடுப்புக் குமிழை மூடினால் போதும் என்று நினைப்பு. சிலிண்டர் தலையில் இருக்கிற ரெகுலேட்டரை ஒரு நாளும் மூடியதில்லை. பின்னால் காலி மனை, எலித் தொல்லை வேறு. அடுப்படியில் எலிப் புழுக்கையைப் பார்த்துப் பெருக்கித் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

இரண்டாவது தப்பு, பக்கத்து போர்ஷன் பெண்கள். நாலு பேர், எல்லாரும் தெற்கே இருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். விடியற்காலையில் யூனிஃபார்ம் துவைப்பார்கள். நான் எழுந்து குழாயைத் திறந்தால் டேங்கில் தண்ணீர் இருக்காது. இரண்டு முறை சண்டை போட்டேன். பிறகு பேச்சையே நிறுத்திக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் போய், “அந்தப் பொண்ணுங்கள அனுப்பிட்டு குடும்பமா பாத்து வுடுங்க” என்று சொல்லிவிட்டேன். அவரும் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். சொன்னது நான்தான் என்று அவர்களுக்கும் தெரியும்.

போன செப்டம்பரில் ஒரு புதன்கிழமை. எனக்குக் காலை ஷிப்ட். ஐந்தே கால் மணிக்குக் கம்பெனி பஸ். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழக்கம்போல ஜெபம் பண்ண ஆரம்பித்தேன். அன்றைக்கு மூக்கைக் கேட்க வாய் வரவில்லை. சலிப்பாக இருந்தது. “மூக்கு தர உமக்கு மனசில்லன்னா வேணாம். என் வூட்ட நீரே பாத்துக்கும். என்னால முடியல” என்று சொன்னேன். அது பக்தியாகச் சொன்னது இல்லை. கோபத்தில் சொன்னது.

நான் கிளம்பிய பிறகு ஜெனிபர் பால் காய்ச்சிக் குடித்துவிட்டு, அடுப்பை ஒழுங்காக மூடிவிட்டு, ஜன்னலைத் தாழ்போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். சாமுவேல் ஓசூர் போயிருந்தார்.

கேன்டீனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட வேண்டும். இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து போனை எடுத்தால் வீட்டுக்காரரிடமிருந்து ஆறு முறை கால் வந்திருந்தது. அந்தப் பெண்கள் விஷயமாகத்தான் இருக்கும், ஏதாவது சமாதானம் பேசச் சொல்வார் என்று நினைத்தேன். திருப்பிக் கூப்பிடவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் வரும்போது மணி மூன்றுக்குப் பக்கம். அன்றைக்குக் காலையில் இருந்து கரண்ட் இல்லை. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்துவார்களே, அந்த நாள். நாலு மணிக்குத்தான் வரும். இந்த வெயிலில் ஃபேன் இல்லாமல் எப்படி உட்காருவது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பக்கத்து போர்ஷன் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பெயர் இசக்கி. திருநெல்வேலிப் பக்கம். கம்பெனி யூனிஃபார்மோடு, தோளில் பையோடு நின்றாள். இவளுக்கு இரண்டாவது ஷிப்ட் ஆயிற்றே, பஸ் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்குமே என்று தோன்றியது. கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனேன்.

“யக்கா, கதவத் தொறக்காதிய.”

“இன்னாம்மா உனக்கு? என் வூட்ட நான் தொறக்கறேன்.”

“ஒங்க வீட்டுல இருந்து கேஸ் வாடை வருதுக்கா. மத்தியானத்துல இருந்தே வருது.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கதவுக்கு முன்னால் நின்றுதான் பேசுகிறேன். வேண்டுமென்றே வம்பு பண்ணுகிறாள் என்று நினைத்தேன். “ஒண்ணும் வரல, நீ வேலையப் பாரு” என்று சாவியைப் பூட்டில் நுழைத்தேன். அவள் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“இவ்ளோ வாடை அடிக்கி, ஒங்களுக்குத் தெரியலயா?” என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வெளியே ஒரு ஆளிடம் முதல் முறையாகச் சொன்னேன், “எனக்கு வாசனையே தெரியாதும்மா. ரெண்டு வருஷமாச்சு.”

அவள் என் கையில் இருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். அவள் வேலை பார்ப்பது பெயின்ட் அடிக்கிற பிரிவில். அங்கே நெருப்பு, கேஸ் பற்றியெல்லாம் அடிக்கடி பயிற்சி கொடுப்பார்களாம். என் போனை வாங்கி, அவள் போனோடு சேர்த்துக் கேட்டுக்கு வெளியே சுவர் மேல் வைத்தாள். கடைசி போர்ஷன் அம்மாவிடம் அடுப்பை அணைக்கச் சொல்லி அவள் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள்.

“வீட்டுல பிரிட்ஜ் இருக்காக்கா?”

“கீது.”

“சுவிட்ச் போட்டதுதானே இருக்கும்?”

“ஆமாம்மா. அத எப்பவும் நிறுத்தறதில்ல.”

“அப்ப கரண்ட் வந்ததும் அது தானா ஓடும்லா. உள்ள பூரா கேஸு. ஒரு பொறி போதும்.”

மீட்டர் பெட்டிகள் எல்லாம் கேட்டுக்குப் பக்கத்தில் வெளிச் சுவரில்தான் இருக்கின்றன, வீட்டுக்குத் தள்ளி. எங்கள் வீட்டு மெயினை அவள் அணைத்தாள். பிறகு கதவை மெதுவாகத் திறந்தாள். நான் உள்ளே போகப் பார்த்தேன். என் வீடு, என் அஜாக்கிரதை, நான்தானே போக வேண்டும்? அவள் விடவில்லை.

“உள்ள எவ்ளோ இருக்குன்னே ஒங்களுக்குத் தெரியாது. போயி மயங்கி விழுந்தா ஒங்களயும் நான்தான் தூக்கணும். நில்லுங்க.”

முன்கதவைத் திறந்தபடி விட்டு, வெளியே வந்து அரை மணி நேரம் காத்திருந்தாள். வாடை கொஞ்சம் குறைந்த பிறகு துப்பட்டாவை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். பின்கதவைத் திறந்தாள், ஜன்னலைத் திறந்தாள், ரெகுலேட்டரை மூடினாள். எண்ணிப் பார்த்தால் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு ஜெபம்கூட வரவில்லை. “இயேசுவே, அந்தப் பொண்ணு, அந்தப் பொண்ணு” என்று அது மட்டும்தான் வாயில் வந்தது. அவள் வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்து இருமினாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். கரண்ட் வந்துவிட்டது. நாலு மணிக்கு வர வேண்டியது பத்து நிமிஷம் முன்னாலேயே வந்தது. எதிர் வீட்டில் டிவி சத்தம் கேட்டது. கடைசி போர்ஷனில் ஃபேன் சுற்றியது. எங்கேயோ மோட்டார் ஓட ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் மட்டும் எதுவும் ஓடவில்லை. இசக்கியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மத்தியானம் பின்பக்கம் துணி அலசும்போது அவளுக்கு வாடை தெரிந்திருக்கிறது. என் நம்பர் அவளிடம் இல்லை. வீட்டுக்காரருக்குப் போன் செய்திருக்கிறாள். வெளியூரில் இருந்த அவர்தான் எனக்கு ஆறு முறை அடித்திருக்கிறார். பூட்டை உடைக்கலாம் என்றால் இரும்பில் அடித்துப் பொறி பறந்துவிடுமோ என்று பயம். கூட இருந்த மூன்று பெண்களும் ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

“நான்தான் உங்கள காலி பண்ண சொன்னேன். தெரியும் இல்ல?” என்று கேட்டேன்.

“தெரியும்க்கா.”

“அப்புறம் ஏம்மா நின்ன?”

“போவோம்னுதான் தெருமுனை வரைக்கும் போனேன். ஒங்க மக சாயங்காலம் வந்து தொறந்து சுவிட்சப் போட்டா என்ன ஆவும்னு நெனப்பு வந்துட்டு. மனசு கேக்கல. திரும்பி வந்துட்டேன்.”

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை. காலையில் கோபமாகச் சொன்ன ஜெபம் நினைவுக்கு வந்தது. என் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டார். யாரை நான் விரட்டினேனோ அவளையே தெருமுனையில் இருந்து திருப்பி அனுப்பினார்.

நாலரை மணிக்கு ஜெனிபர் வந்தாள். “இன்னாம்மா, ரெண்டு பேரும் தரையில குந்திக்கினு கீறீங்க?” என்றாள். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

தெருமுனைக்குப் போய் கேஸ் ஏஜென்சிக்குப் போன் செய்தோம். மெக்கானிக் வந்து சோப்புத் தண்ணீரை ட்யூபில் தடவினார். வெடிப்புக்குப் பக்கத்தில் எலி கடித்த ஓட்டை. அங்கே குபுகுபுவென்று நுரை வந்தது. “சில பேர் தீக்குச்சி கொளுத்திப் பாப்பாங்கமா, அது மாதிரி எப்பவும் பண்ணாதீங்க” என்றார். இந்த கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு படுத்துக்கிடக்கும் என்றும், கதவைத் திறந்து வைத்தால்தான் போகும் என்றும் சொன்னார். உள்ளே கம்பி வைத்த ஆரஞ்சு நிற ட்யூபை மாட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை சாமுவேலுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “அந்தப் பொண்ணையா காலி பண்ண சொன்ன?” என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மறுநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் போனேன். நான் சொன்னது தப்பு, அவர்கள் இருக்கட்டும் என்றேன். டேங்க் சின்னது, அதுதான் பிரச்சினை, பெரிதாக வையுங்கள் என்றும் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்.

கேன்டீன் சூப்பர்வைசரிடமும் உண்மையைச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவர், “ரெண்டு வருஷமா கேஸ் அடுப்புகிட்ட இப்படியா நின்னீங்க?” என்று திட்டினார். பிறகு காய்கறி வெட்டும் பக்கம் மாற்றிவிட்டார். வேலை போகவில்லை.

என் மூக்கு இன்னும் வரவில்லை. அதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். இப்போதும் கேட்கிறேன். முன்பு இருந்த கசப்பு இல்லாமல் கேட்கிறேன். கேஸ் கசிந்தால் சத்தம் போடுகிற சின்னக் கருவி ஒன்றை சாமுவேல் வாங்கி வந்து, அடுப்படியில் தரைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடுகிறோம். நான் வேலைக்குப் போயிருந்தால், ஜெனிபர் பள்ளிக்குக் கிளம்பும்போது இசக்கியோ அவள் கூட்டாளியோ எங்கள் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். எங்கள் வாசல் கதவுச் சாவி ஒன்று அவர்களிடம் இருக்கிறது.

சகோதர சகோதரிகளே, ரொம்ப நாள் கேட்டும் பதில் வராத ஜெபம் உங்களில் யாருக்காவது இருந்தால், விட்டுவிடாதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடு கேளுங்கள். அவர் தாங்குவார். நீங்கள் கேட்ட பொருள் வராமல் ஒரு ஆள் வரலாம். அந்த ஆள் உங்களுக்குப் பிடிக்காத ஆளாகக்கூட இருக்கலாம். அவர்களோடு பேச்சு நின்றிருந்தால் இன்றைக்கே போய்ப் பேசுங்கள். உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.