கேட்டில் உரிந்த டேப்

கம்பம்மெட்டு அருகே ஏலக்காய்த் தோட்டத்து கேட். வெளியே போகிறவர் யாரானாலும் பையைப் பிரித்து மோந்து பார்ப்பது இங்கே வழக்கம். வாட்ச்மேன் அந்தோணி என் வானியல் கேமராவை எடுக்கிறார். அதில் சாதாரண லென்ஸைப் பொருத்தி, நட்சத்திரங்கள் துல்லியமாய்த் தெரியும் இடத்தில் ஃபோகஸை நிறுத்தி, வளையம் அசையாதபடி டேப் சுற்றியிருக்கிறேன். நேற்று ராத்திரி அதற்கே போனது. இன்று அமாவாசை, மறையூரில் படமெடுக்க வேண்டும்.

அவர் டேப்பை உரித்து, ஃபோகஸ் வளையத்தை இப்படியும் அப்படியும் திருகி, மூக்கருகே கொண்டுபோகிறார்.

"தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? இதுக்குள்ள ஏலக்காய் எங்கே போகும்?"

"கோவப்படாதீக சார். உள்ள காயை ஒளிச்சு டேப் சுத்தித்தான் களவாங்குறாக."

லென்ஸைப் பிடுங்கப் போகிறேன். அதற்குள் அவரே டேப்பைச் சுற்றிவிட்டார்.

"முன்னைக்கு இப்ப இறுக்கிச் சுத்திருக்கேன் சார். இனி அசையவே அசையாது."