பஞ்சு கடித்த வாயும் மெழுகுத்துணி இட்லியும்

அப்படியா சொன்னாள் மூன்றாம் மாடிக்காரி? இட்லியில் மெழுகு கலந்தது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மருமகள் தலையெடுக்கக் கூடாதென்று மாமியார் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள் என்றாளாமே, அதுதான் அபாண்டம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேனாம்! பட்டாபிராமில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். இப்படி உட்கார் அம்மா. உள்ளே அடுப்பில் மருமகள் ஒன்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அதன் மேலும் ஒரு கண் இருக்கட்டும்.

நீ குடிவந்து கொஞ்ச நாள்தானே, முன்கதை உனக்குத் தெரியாது. என் மருமகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கிற கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நல்ல கை. திடீரென்று அவள் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். அன்றோடு அவள் பேச்சும் நின்றுபோனது. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், டிவி போட்டால் பார்ப்பாள். வீட்டிலிருந்த தையல் மெஷினுக்கு உறை போட்டு, அதன் மேல் இஸ்திரிக்குப் போகிற துணியை அடுக்கிவிட்டாள். நானும் பேசிப் பேசிப் பார்த்தேன். சுவரிடம் பேசினால்கூட ஒரு பல்லியாவது பதில் சொல்லும். இவளிடம் வெறும் ‘ம்’. பெற்ற பிள்ளையா, அதட்டிக் கேட்க? என்னால் என்ன செய்ய முடியும், சொல்லு.

ஒருநாள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்தாள்.

“அத்தே, பூந்தமல்லி பாய் கடைல தேன்மெழுகு கெடைக்குமா?”

‘ம்’முக்குப் பிறகு வந்த முதல் முழுப் பேச்சு அதுதான். கிடைக்குமா, கிடைக்காதா என்று எனக்கு எப்படித் தெரியும்? கிடைக்கும் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அந்த பாய் நாட்டுமருந்துக் கடை வைத்திருப்பவர். நல்லவேளை, அவரிடம் இருந்தது. மெழுகோடு குங்கிலியப் பிசினும் வாங்கிவந்தாள். பிளாஸ்டிக் கவருக்குப் பதிலாகப் பண்டத்தைச் சுற்றி வைக்க மெழுகுத்துணி செய்யப் போகிறாளாம்.

செய்கிற விதத்தைக் கேட்டால் ஒன்றுமில்லை. மெழுகைத் தேங்காய் மாதிரி துருவ வேண்டும். குங்கிலியத்தை இடித்துச் சலிக்க வேண்டும். இரண்டோடும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டு, கொதிக்கிற தண்ணீருக்குள் ஒரு கிண்ணத்தை வைத்து உருக்கி, மெல்லிய பருத்தித் துணியில் பிரஷ்ஷால் தடவி, மேலும் கீழும் காகிதம் வைத்து இஸ்திரி போட்டு, கொடியில் கிளிப் மாட்டிவிட்டால் ஆயிற்று. முதல் தடவை குங்கிலியம் கூடிப்போய் துணி கையை விடவே மாட்டேன் என்றது. இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்ட மெழுகு என் பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்குப் போனது. அவன் அப்படியே ரயிலேறி சென்ட்ரல் வரைக்கும் போய்விட்டு வந்து கத்தினான். கீழ்வீட்டுக்காரர் வேறு மாடியேறி வந்து, “இன்னா பாட்டி, ஊட்ல எதுனா விசேஷமா? சாம்பிராணி வாசன தூக்குது” என்றார்.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. கையை வைத்து அழுத்தினால் அந்தச் சூட்டுக்கே பாத்திரத்தின் வாயைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கறிவேப்பிலையைச் சுற்றி வைத்தால் வாடாது. சூடான பண்டம் மட்டும் ஆகாது, கழுவினால் பச்சைத்தண்ணீர்தான்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறாய்! முன்பெல்லாம் எங்கள் ஃபிரிட்ஜ் முழுக்கப் பிளாஸ்டிக் கவர். என் பிள்ளை கவரின் கழுத்தை நெரித்து ஒரு முடிச்சுப் போடுவான் பார், என் விரலுக்கு அவிழவே அவிழாது. அரை மூடித் தேங்காய் கண்ணெதிரே இருக்கும், யாராவது வரட்டும் என்று கவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தத் துணியை ஒரு மூலையில் இழுத்தால் திறந்துகொள்கிறது. நானே திறக்கிறேன், நானே மூடுகிறேன்.

மெஷின் உறையும் எடுபட்டது. ஒவ்வொரு துணிக்கும் மூலையில் மாட்டித் தொங்கவிட ஒரு காது தைக்க ஆரம்பித்தாள். பாய் ஒன்றைப் பார்த்துவிட்டு, “நல்லாக்கீதேம்மா, புதுசா ஒரு செட்டு கொண்டா, கடைல வெச்சிப் பாக்கலாம்” என்று நாள் சொல்லி அனுப்பினார். மறுபடி ஒரு வேலை, ஒரு பேச்சு! வாங்கின மெழுகு மொத்தத்தையும் அந்த ஒரு செட்டுக்கே போட்டாள். துணி பற்றாமல் எங்கள் இட்லித் துணியைக்கூட வெட்டிவிட்டாள். இதை ஞாபகம் வைத்துக்கொள், வினையே அங்கேதான்.

பாயிடம் போக வேண்டியதற்கு முதல் நாள் எனக்குப் பல்வலி. ஆவடியில் டாக்டரிடம் கூட்டிப் போனாள். பிடுங்கிவிட்டு, பஞ்சைக் கடிக்கக் கொடுத்து, “ஒரு மணி நேரம் வாயத் தொறக்கக் கூடாது பாட்டி” என்றார் அவர்.

“ரெண்டு மணி நேரமாச் சொல்லுங்க டாக்டர், புண்ணியமாப் பூடும்” என்றாள் இவள். கிண்டலைப் பார்த்தாயா! வலியோடு வலியாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என்னை வீட்டில் விட்டுவிட்டு, செட்டைக் கட்ட அட்டையும் நூலும் வாங்கக் கடைக்குப் போனாள். துணைக்கு என் சம்பந்தியம்மாள், அதாவது மருமகளைப் பெற்றவள், கரையான்சாவடியிலிருந்து வந்திருந்தாள். தங்கமான மனுஷி. சும்மா மட்டும் இருக்கத் தெரியாது.

“பல்லு புடுங்கின வாயி. மெத்துனு துணி இட்லி ஊத்தித் தரேன் சம்மந்தி, ஆறினப்பறம் சாப்டு” என்று சமையலறைக்குள் போனாள். இட்லித் துணியைத் தேடினாள். அதுதான் வீட்டில் இல்லையே. பால்கனிக்குப் போனாள். கொடியில் வரிசையாக, சுத்தமாக, காது வைத்துத் தைத்த துணிகள். மொத்தமாக உருவிக்கொண்டு வந்தாள்.

நான் நாற்காலியை விட்டுத் துள்ளினேன். “ம்ம்! ம்ம்ம்!”

“இன்னா, பசிக்குதா? தோ ஆச்சி.”

கையை ஆட்டினேன். வேண்டாம் என்கிற கை அவளுக்கு ‘கொஞ்சம் போதும்’ என்கிற கையாகத் தெரிந்திருக்கிறது. “அய்ய, ஒனக்கு மட்டுமா? எல்லாருக்குந்தான் ஊத்தறேன்” என்று துணிகளை விரித்து மாவை ஊற்றி, குண்டானை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

பொறுக்க முடியாமல் பஞ்சைத் துப்பினேன். வாய் பாதி மரத்துக் கிடக்கிறது. பேச்சுக்குப் பதில் எச்சிலும் ரத்தமுமாக வழிந்தது. அவள் அலறிப்போய், “ஐயோ, ரத்தம்! வாய மூடு சம்மந்தி!” என்று புதுப் பஞ்சாக எடுத்துத் திணித்து, தாடையைப் பிடித்து அழுத்தி, என்னை உட்காரவைத்துவிட்டாள். பிறகு அவளுக்கே ஒரு யோசனை வந்தது. காலண்டர் தாளைக் கிழித்து, பென்சிலோடு நீட்டினாள்.

“எழுதிக் காட்டு. இன்னா வோணும்?”

எனக்கு எழுத்தெங்கே தெரியும்? அவளுக்கும் தெரியாது, பதற்றத்தில் இரண்டு பேருக்கும் அது மறந்துபோனது. ஆனாலும் விட மனசில்லை. தேனீ ஒன்று வரைந்தேன். இறக்கை, கால், கொடுக்கு எல்லாம் வைத்தேன். அவள் தாளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“கரப்பானா? எங்க கீது?”

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அலமாரிக்குக் கீழே குத்த ஆரம்பித்துவிட்டாள். அதற்குள் குண்டானிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. வீடு முழுக்கக் குங்கிலிய வாசனை. நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு அந்த ஆவியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழேழு ஜென்மத்திலும் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

மருமகள் வந்தபோது இட்லி தட்டில் இருந்தது. மஞ்சள் மஞ்சளாக, எண்ணெய் பூசினது போல ஒரே மினுமினுப்பு.

“இன்னா துணிடி இது! இட்லி ஒட்டவே இல்ல பாரு” என்றாள் சம்பந்தி பெருமையாக.

மருமகள் குண்டானை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் மேல் மெழுகு ஆடையாக மிதந்தது. துணியெல்லாம் மாவு அப்பித் துவண்டு கிடந்தன. பெற்றவளை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“நீங்க பாத்துகினுதான இருந்தீங்க அத்தே?”

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு நான் எதைச் சொல்ல, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு? அவள் போய் மெஷினுக்கு உறையைப் போட்டாள். பல் போன இடத்தைவிட அதுதான் அம்மா எனக்கு வலித்தது.

காலையில் எனக்குப் பேச்சு திரும்பியிருந்தது, கன்னம் மட்டும் வீங்கியிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தேன். என் கறிவேப்பிலையைச் சுற்றி ஒரு பழைய மெழுகுத்துணி இருந்தது, நான் தினமும் திறந்து மூடுகிறது. அதை அப்படியே எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

“இத்த கொண்டு போ.”

“இதயா? மஞ்ச கற கீது அத்தே. இத்தப் போய் பாய் கைல நீட்டறதா?”

நியாயமான கேள்வி. புடவையை மட்டும் மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். அவளும் பையை எடுத்தாள். ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி போய்ச் சேர்ந்தோம்.

பாய் துணியைப் பிரித்தார். கறிவேப்பிலையை முகர்ந்தார். “எப்ப வெச்சது?”

“போன வாரம்” என்றாள் மருமகள்.

“புதுசு கேட்டனேம்மா, எங்க?”

அவள் வெறும் பையைத் திறந்து மூடினாள். எனக்குப் பொறுக்கவில்லை. வீங்கின வாயால், “இட்லி அவிச்சிட்டோம் பாய்” என்றேன்.

அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எங்கூட்ல கெடச்சாலும் இதாம்மா கதி. அடுப்புல வெக்காதீங்கன்னு ஒரு சீட்டு போட்டுக் குடு. இந்தப் பழசு இங்கியே இருக்கட்டும், நானும் பொதினாவுக்குச் சுத்திப் பாக்கறேன். வெள்ளிக்கெழம தொழுவ முடிஞ்சி புதுசோட வா” என்றார். வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புது மெழுகை மட்டும் கட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் சொன்னாள்: “பாய்கிட்ட மட்டும் வாயி தொறக்குது. நேத்து எங்க போச்சி?” வீட்டுக்கு வந்ததும் மெஷின் உறையைக் கழற்றினாள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பாய் என்ன சொல்வாரோ, என் கையில் என்ன இருக்கிறது? பிரஷ் பிடித்தால் கை நடுங்குகிறது, கத்திரிக்கோல் கனக்கிறது. கொஞ்சம் முன்னால் நூல் வாங்கக் கிளம்பும்போது அவள் எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: “மெழுவு உருகற வரைக்கும் பாத்துக்கினு இருங்க அத்தே. யாராச்சும் வந்தா பேசாதீங்க, ஒரு பஞ்சு வேணா தரேன்.”

ஐயோ, வாசனை வருகிறதா உனக்கு? உருகிப்போயிருக்கும், தண்ணீர் வேறு சுண்டியிருக்கும். கையைக் கொடு, எழுந்திருக்கிறேன். அடுப்பை அணை முதலில். கிண்ணத்தை எடுக்க ஒரு துணி கொடு அம்மா... ஐயையோ, அது இல்லை, அதுவும் மெழுகுத்துணி! வேற, வேற துணி கொடு!